ஊசிக்கு மட்டும் வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

மின்சார பில் வந்த நாள். என் தங்கச்சி மகள் அதை நடுவீட்டில் நின்று செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள். கூரியர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள், எங்களுக்கு இன்னும் பாப்பாதான். வாசித்து முடித்ததும் அவள் அப்பா, என் தங்கச்சி புருஷன், மாப்பிள்ளை தையல் மெஷினை நிறுத்திவிட்டார். தங்கச்சி கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? வெந்நீரில் குளிப்பேன், அவ்வளவுதான். கொஞ்சம் நிறையக் குளிப்பேன்.

செலவைக் குறைக்கப் பாப்பா இரண்டு காரணம் சொன்னாள். ஒன்று காசு. இன்னொன்று பூமி. நாம் வீணாக்குகிற மின்சாரத்துக்காக எங்கேயோ கரி எரிகிறதாம், அந்தப் புகை போக இடமில்லாமல் நம் தலைக்கு மேலேயே நிற்கிறதாம். காசு விஷயம் எனக்கு உடனே புரிந்தது. பூமி விஷயம் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. ஆனால் புரிந்த பிறகு அவளைவிட எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

இந்த வேலைக்கு என்னை விட்டால் வேறு யார்? சர்க்கஸ் கூடாரத்துக்கு விளக்குப் போட்டவன் நான். ஐயாயிரம் பேர் உட்காருகிற கூடாரம். நான் ஒரு சுவிட்சைத் தட்டினால் சிங்கம் உட்காரும், இன்னொன்றைத் தட்டினால் எழுந்துகொள்ளும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரம் யாரிடமும் மார்க் ஷீட் கேட்பதில்லை.

"அப்ப இனிமே நீங்கதான் மாமா இந்த வீட்டுக்கு மின்சார மந்திரி" என்றாள் பாப்பா.

"சம்பளம் இல்லாத மந்திரி" என்றாள் தங்கச்சி.

பதவி பதவிதானே. இந்த நோட்டுகூட அந்தப் பதவிக்குக் கிடைத்ததுதான். கூரியர் ஆபீசில் ஒரு பக்கம் அச்சடித்துத் தூக்கிப் போட்ட தாள்கள். மாப்பிள்ளை மெஷினில் வைத்து நடுவில் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தார். கோணல் மாணல் இல்லாத கோடு. அவர் கையில் கோடு கோணுவதைக் கடவுளே வந்தாலும் பார்க்க முடியாது.

மார்ச் 9, ஞாயிறு

ஆட்சி தொடங்கிவிட்டது.

ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தேன். பின்பக்கச் சூடு வெளியே போக வழி வேண்டும். முதுகை அடைத்துக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்? டிவி பிளக்கை உருவினேன். பாத்திரம் எதுவும் மூடி இல்லாமல் அடுப்பில் ஏறக்கூடாது என்று தங்கச்சிக்கு உத்தரவு. "இத்தன வருஷமா நான் என்ன தொறந்து போட்டா சமைச்சேன்?" என்று கேட்டாள். பயறு முதல் நாளே ஊறவேண்டும். காய் கழுவிய தண்ணீர் பால்கனித் தொட்டிகளுக்கு. வெந்நீர்க் குளியலையும் நிறுத்திவிட்டேன், தியாகம் என்றால் தலைவனிடமிருந்துதான் தொடங்கவேண்டும். (ஞாயிறு மட்டும் உண்டு.)

பெரிய சீர்திருத்தம் விளக்கில். நடையிலும் ஹாலிலும் இருந்த டியூப்லைட்டுகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுச் சின்ன பல்பு மாட்டினேன். புதுசாக எல்.இ.டி. டியூப் வாங்கிப் போட்டால் வெளிச்சமும் குறையாது, மின்சாரமும் பாதிதான் ஆகும் என்றாள் பாப்பா. வாங்குவதற்குக் காசு யார் கொடுப்பது? இருக்கிறதை அணைக்கக் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது அனுபவம்.

மாப்பிள்ளையின் தையல் அறைக்குத்தான் என் மூளையை முழுசாகப் பயன்படுத்தினேன். கூரை விளக்கு எதற்கு? அவர் தைப்பது கூரையிலா? மெஷின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கழுத்து வளைகிற விளக்கை வைத்து, ஊசி முனையில் மட்டும் வெளிச்சம் விழும்படி திருப்பிவிட்டேன். சர்க்கஸ் சூத்திரம். ஊஞ்சலில் ஆடுகிற பெண் மேல்தான் வெளிச்சம். கம்பத்தைக் காட்டு என்று யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மச்சான். மத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

அவர் பேசுவது எப்போதுமே அப்படித்தான். ஒரு வரி பேசுவார், அது சிரிக்கவா அழவா என்று நமக்குத் தெரியாது.

மார்ச் 15, சனி

மாப்பிள்ளை முழங்கை பட்டு மெஷின் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பு விழுந்தது. இடப்பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. வெட்டி வைத்த துணி நனைந்தது. இருட்டு என்றார்.

எனக்குக் கோபம். உடனே ஒரு பரீட்சை வைத்தேன். இருக்கிறதிலேயே சின்ன ஊசி, கறுப்பு நூல். அந்த விளக்கிலேயே கோத்துக் காட்டுங்கள் என்றேன். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார். நாக்கில் தொட்டு நூலை நனைக்கக்கூட இல்லை.

"ஊசிக் காது தெரியுது, செம்பு தெரியலயாமா!" என்றேன். தங்கச்சியும் சிரித்தாள், பாப்பாவும் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அப்புறம் துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

மார்ச் 22, சனி

எல்லாத் தொட்டியிலும் செடி துளிர்த்திருக்கிறது என்கிறாள் பாப்பா. காய் கழுவின தண்ணீரின் மகிமை. அதாவது என் மகிமை.

ஏப்ரல் 2, புதன்

குறைந்தது! மீட்டரை நானே படித்துப் பார்த்தேன், பாப்பா சரிபார்த்தாள். போன மாதத்தைவிட நல்ல குறைவு. மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டுக்காரர் வரைக்கும் சேதி போய்விட்டது (நான்தான் சொன்னேன்). அவர் தன் வீட்டுக்கும் ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னார். கும்பிடாத குறை.

மாப்பிள்ளை தொழிலுக்கும் இப்போது நல்ல காலம். ரெடிமேட் வந்த பிறகு சட்டை தைக்க ஆள் வருவதில்லை. ஆனால் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று கடைகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன, துணிப்பை கேட்டு வருகிறார்கள். பழைய திரைச்சீலை, கிழிந்த மெத்தை உறை, எதைக் கொடுத்தாலும் அதில் பத்து வருஷம் உழைக்கிற பை ஒன்றை எடுத்துவிடுவார். கிழிசல் தைக்கவும் வருகிறார்கள். வேண்டாம் என்று மற்றவர்கள் போடுவதுதான் இந்த வீட்டுக்குச் சாப்பாடு.

ஒரே குறை, அவர் முணுமுணுப்பு. முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருக்கிறது. கட்டில் காலில் இடித்துக்கொண்டாராம். தோளில் ஒன்று, கதவு நிலையில். "மாமா, ஹால்ல மட்டுமாவது பழைய லைட்ட போட்டுடலாமே, அப்பாவுக்காக" என்றாள் பாப்பா. ஒருவருக்காகத் தளர்த்தினால் சட்டம் சட்டமா? சர்க்கஸில் எட்டாயிரம் பேரை இருட்டில் உட்கார வைத்தேன், ஒருத்தர் இடித்துக்கொள்ளவில்லை என்றேன்.

"போன மாசம் ஐயாயிரம்னீங்க" என்றார் மாப்பிள்ளை.

ஏப்ரல் 10, வியாழன்

மாப்பிள்ளையோடு கடைத்தெருவுக்குப் போனேன், பைக்கட்டை இறக்கிக் கொடுக்க. நல்ல உச்சி வெயில். நடைபாதையில் ஒரு அம்மாள் அவருக்கு இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நேராகப் போய்த் தோளில் மோதிவிட்டார். அந்த அம்மாள் பெரிய மனுஷன் பண்ற வேலையா இது என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினாள். மாப்பிள்ளை கை கூப்பினார், கூப்பிக்கொண்டே நின்றார். அவள் போன பிறகும் நின்றார்.

வீட்டுக்கு வந்து நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். தங்கச்சி மாலையில் வேலை முடிந்து வந்த சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், திங்கட்கிழமை தனக்கு லீவு இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று இப்போது வரைக்கும் யோசிக்கிறேன்.

நான் விளக்கம் சொன்னேன். சர்க்கஸில் எங்களோடு ஒரு கண் டாக்டர் ஊர் ஊராக வருவார், பெரிய படிப்புப் படித்தவர், மிருகங்களுக்கும் மனுஷர்களுக்கும் சேர்த்துப் பார்ப்பார். அவர் சொல்லியிருக்கிறார்: மங்கின வெளிச்சத்துக்குப் பழகுகிற கண், வெயிலுக்குப் போனால் கொஞ்ச நாள் தடுமாறும், ஓரத்தில் இருப்பது தெரியாது, மாதம் ஒன்றானால் தானே சரியாகிவிடும். கூண்டிலிருந்து வந்த புலிக்குட்டிக்கே அப்படித்தான் இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது நன்றாக வந்தது.

"அப்படியா சொன்னார்?" என்றார் மாப்பிள்ளை. முகம் தெளிந்துவிட்டது. தங்கச்சி அரைமனதாக எழுந்து போனாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி இல்லை.

போக வரச் செலவு, டாக்டர் பீஸ் எல்லாம் மிச்சம். அதையும் இந்த மாதச் சேமிப்பில் சேர்த்துப் பாப்பாவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மாப்பிள்ளை துணியைக் கெடுத்துவிட்டார்.

மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்க ஓரம் மடிந்து கத்தரிக்கு அடியில் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டார். கடைக்காரர் கொடுத்த துணி. நல்ல கெட்டித் துணி. இத்தனை வருஷத்தில் ஒரு சாண் துணி அவர் கையில் வீணாகிப் பார்த்ததில்லை என்று தங்கச்சி சொன்னாள், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் வெட்டுப்பட்ட துண்டை எடுத்து, ஓரம் ஓரமாக வைத்து, மடித்து, இன்னும் மடித்து, கைக்கடக்கமாக ஆகும் வரைக்கும் மடித்தார்.

நான் அதை வாங்கித் தரை துடைக்க வைத்துக்கொண்டேன். வீணாகவில்லை பாருங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாதம் ஒன்று ஆகவில்லையே இன்னும். ஆனால் சரியாகிவிடும் என்றேனே—

ஏப்ரல் 29, செவ்வாய்

அவர் இப்போது தெருவுக்குத் தனியாகப் போவதில்லை. கால் வலி என்கிறார்.

மே 3, சனி

சண்டை. எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நடையில் நான் வைத்த வாளியில் இடறி மாப்பிள்ளை விழுந்தார். குளித்த தண்ணீரைக் கழிவறைக்குப் பிடித்து வைத்த வாளி. சேமிப்புதான். முழங்கை சிராய்த்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, ஈரத்திலேயே உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எனக்கு வெளிச்சம் குடுங்க மச்சான். வேற எதுவும் நான் கேக்கல."

என்ன மனுஷன்டா நான், பேசாமல் இருந்திருக்கலாமே? வீட்டில் இருக்கிற நாலு பேருக்குச் சேமிக்கத்தானே செய்கிறேன், எனக்கா மூட்டை கட்டுகிறேன் என்று கத்தினேன். வாளியைக்கூடப் பார்க்காமல் நடக்கிறவருக்குச் சூரியனையா கொண்டுவந்து மாட்டுவது என்று கேட்டேன். தங்கச்சி எங்களுக்கு நடுவில் வந்து அவர் கையைக் கழுவினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி. நாளைக்குப் போட்டுவிடுகிறேன் வெளிச்சம். எல்லா அறையிலும் பழைய டியூப்லைட்டை மாட்டி, வீட்டைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன். அப்புறம் என்ன குறை சொல்லுவார் என்று பார்க்கலாம். பில் வரட்டும்.

மே 4, ஞாயிறு

மாப்பிள்ளை மாலையில் தங்கச்சியோடு கீழே வீட்டுக்காரரைப் பார்க்கப் போன நேரம். பரணிலிருந்து டியூப்லைட் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மாட்டினேன். நடை, ஹால், தையல் அறை. ஒன்றுவிடாமல் போட்டேன். கடைக்குப் போய்விட்டு வந்த பாப்பா வாசலிலேயே நின்று கண்ணைச் சுருக்கி, "மாமா, தேங்க்ஸ்" என்றாள். நான் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் படியேறி வந்தார்கள். தங்கச்சி முதலில். வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் மாப்பிள்ளை, சுவரைத் தொட்டுத் தொட்டு. நடையில் வந்தார், ஹாலுக்கு வந்தார், நாற்காலியைக் கையால் தடவி உட்கார்ந்தார். நேர் மேலே டியூப்லைட் எரிகிறது. தரையில் விழுந்து கிடக்கிற நூல் துணுக்குகூட எனக்குத் தெரிகிறது.

நான் காத்திருந்தேன்.

"இன்னைக்காவது அந்த லைட்ட மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மே 5, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. எல்லோரும் போனோம்.

ஒரு பரிசோதனை செய்தார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரம். அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். தெரியும்போது கையில் இருக்கிற பித்தானை அமுக்கவேண்டும். துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றார்கள். தங்கச்சி என்னைப் போகச் சொன்னாள். தனக்குத் தைரியம் இல்லை என்றாள்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். கிண்ணத்துக்குள் வெளிச்சம் வருவது எனக்குத் தெரிந்தது. மேலே ஒன்று. அவர் கை அசையவில்லை. இடப்பக்கம் ஒன்று. அசையவில்லை. இன்னும் இடப்பக்கம், நல்ல பளிச்சென்று. கட்டை விரல் பித்தான் மேலேயே இருக்கிறது, காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவு பொறுப்பாகக் காத்துக்கொண்டிருக்கிறது. நடுவுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் டக் என்று அமுக்கினார். மறுபடி ஓரம். ஒன்றும் இல்லை.

என் வாழ்நாளெல்லாம் விளக்குப் போட்டவன். போட்ட விளக்கு ஒரு மனுஷனுக்கு வந்து சேரவில்லை என்பதை நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

டாக்டர் அம்மாள் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. வலிக்காது. ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும், நடுப்பார்வை கடைசிவரை இருக்கும். அதனால்தான் ஊசிக் காது தெரிகிறது, வாளி தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடது மோசம்.

வெளிச்சம் குறைந்ததால் வந்ததா என்று நான் கேட்டேன்.

"இல்ல ஐயா, இது பல வருஷமா வந்துட்டு இருக்கு. மங்கலான எடத்துலதான் இந்தக் கொறை முதல்ல தெரிய ஆரம்பிக்கும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்."

போனது திரும்ப வராதாம். இருப்பதைக் காப்பாற்ற வேளை தவறாமல் சொட்டு மருந்து, வாழ்நாள் முழுக்க. ரத்தச் சொந்தத்துக்கும் வரலாம் என்று பாப்பாவையும் பரிசோதித்தார்கள். அவளுக்கு இல்லை. தங்கச்சி அப்போதுதான் அழுதாள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "வீட்ல வெளிச்சம் கம்மின்னு நெனச்சிட்டோம்" என்றார். நெனச்சிட்டோம். எல்லோரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மே 6, செவ்வாய்

என் சின்ன பல்புதான் வியாதியை முதலில் காட்டியது என்று இதை ஒரு பெருமையாகவே சொல்லித் திரியலாம். வேறு விஷயமாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை.

பல்பு சரியாகத்தான் சொன்னது. குறுக்கே பேசினவன் நான்.

மே 9, வெள்ளி

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். அவர் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மூடியிருக்கும்போது சொல்வது சுலபமாக இருந்தது.

சர்க்கஸில் கண் டாக்டர் என்று ஒருவரும் இல்லை. குதிரைகளுக்கு ஊசி போட ஒருவர் வருவார், அவருக்கே ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் சொன்னது அத்தனையும் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. இதைச் சொன்னேன்.

"தெரியும் மச்சான்" என்றார்.

தெரியுமா? தெரிந்தா என் பேச்சைக் கேட்டீர்கள்?

கண்ணைத் திறக்காமலே பேசினார். "எனக்குக் கொஞ்ச நாளாவே பயம். பல்பு மாத்தறதுக்கு முன்னாடியே. ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்லுவாங்களோன்னு. நீங்க புலிக்குட்டி கதை சொன்னதும் பிடிச்சிக்கிட்டேன். நீங்க சொல்லலன்னா நானே ஏதாவது சொல்லியிருப்பேன். உங்க அளவுக்கு நல்லா வந்திருக்காது."

கடைசி வரியில் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அவர் பயந்தார் என்பது என்னை விடுவித்துவிடுமா? விடுவிக்காது. பயந்தவர் ஒரு கதவைத் தேடினார், நான் சுவரில் கதவு வரைந்து காட்டினேன்.

மே 20, செவ்வாய்

பாப்பா மறுபடி எல்லாவற்றையும் புதுசாகத் திட்டம் போட்டாள். இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், மந்திரியாக இல்லை, வேலையாளாக. சொட்டு மருந்து இனி மாதா மாதம். அதற்கான காசு வேறெங்கோ மிச்சமாகவேண்டும். ஆனால் வெளிச்சத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.

எல்.இ.டி. டியூப் வாங்கினோம். முதலில் அவள் சொன்னதுதான். பழைய டியூப்பில் பாதி மின்சாரம், நல்ல வெளிச்சம். மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கியபோது பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபிரிட்ஜ் இடைவெளி, மூடி, ஊறவைத்த பயறு, டிவி பிளக், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றாள். என் வெந்நீர் இனி ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. வாளியைக் குளியலறைக்கு உள்ளேயே வைத்தாயிற்று. தரை துடைக்க வைத்திருந்த அந்தக் கெட்டுப்போன துணியை எடுத்துக் கிழித்து, பட்டைப் பட்டையாகக் கதவு நிலை விளிம்பில் ஆணியடித்தும் கட்டில் காலில் சுற்றித் தைத்தும் வைத்தேன். வெளிர் நிறம், கண்ணில் படும். என் தையல் குழந்தைக் கிறுக்கல். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிரித்துத் தைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பைக்கட்டோடு கடைத்தெருவுக்கு. நான் அவருக்கு இடப்பக்கம் நடந்தேன். இப்போது அதுதான் என் வேலை. என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும்.

பழக்கம் எங்கே போகும்? "யானை மாதிரி ஒரு லாரி மாப்பிள, அப்படியே நம்ம மேல ஏறற மாதிரி வருது" என்றேன். லாரி எங்கேயோ தெருக்கோடியில் நின்றுகொண்டிருந்தது. அவர் பயந்து பின்னால் நகர்ந்து, கால் பிசகி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோபப்படவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "லாரின்னா லாரின்னு சொல்லுங்க மச்சான். எவ்வளவு தூரத்துல, நிக்குதா வருதா. அது போதும். நீங்க சொல்றத வச்சுத்தான் நான் கால் எடுத்து வைக்கிறேன்."

அதற்கப்புறம் வீடு வரைக்கும் இப்படித்தான் பேசினேன். இடப்பக்கம் கம்பம், தள்ளியே இருக்கு. சைக்கிள், நிக்குது. ஒரு படி இறக்கம். குழந்தை, அம்மா கையப் பிடிச்சிருக்கு. ஒன்றும் இல்லை. இப்பவும் ஒன்றும் இல்லை.

இவ்வளவு சின்னச் சின்னதாகப் பேசி நான் களைத்ததே இல்லை.

ஜூலை 7, திங்கள்

மறுபடி அந்தக் கிண்ணப் பரிசோதனை. வியாதி அப்படியே நின்றிருக்கிறது. மோசமாகவில்லை, ஆனால் போனது போனதுதான். மருந்தை விடாமல் போட்டால் இப்படியே நெடுநாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர் அம்மாள்.

வீட்டில் தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "ரொம்ப நல்லா ஆயிருச்சு, டாக்டரே அசந்து போயிட்டாங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்கு அது தேவையாகவும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை என் கைமுட்டியைப் பிடித்திருந்தார். லேசாக அழுத்தின மாதிரி இருந்தது, இல்லையோ என்னவோ.

"கூடவும் இல்லம்மா, கொறையவும் இல்ல. இனிமே எப்படின்னு அவங்களுக்கே தெரியல" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தட்டு வைத்தாள்.

ஜூலை 19, சனி

கடைக்காரர் பைகளுக்கு மறுபடி ஆர்டர் கொடுத்துவிட்டார். வெட்டும்போது இடப்பக்க ஓரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். மெஷின் ஓடுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பில் வந்தது. போன வருஷத்தைவிடக் குறைவுதான். பாப்பா வாசித்துவிட்டு ஆணியில் மாட்டினாள்.

வெளிச்சம் மங்குகிற நேரம், பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். தையல் அறை இருட்டாக இருந்தது. டியூப் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடியிருந்தார். என் கை சுவிட்சுக்குப் போனது.

"வேண்டாம் மச்சான். கொஞ்ச நேரம் இருக்கட்டும். கை பழகிக்கட்டும்."

டாக்டர் நின்றிருக்கிறது என்றுதானே சொன்னார் என்றேன்.

"ஆமா, சொன்னாங்க" என்றார். தைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தினமும் கொஞ்சம் பண்றேன். உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை. போய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். அதற்குள் முழுசாக இருட்டிவிட்டது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி எது, கை எது என்றுகூடத் தெரியவில்லை. ஊசி துணிக்குள் போய் வருகிற சத்தம் மட்டும் இருந்தது.

அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். இது பையோட அடிப்பாகம். இங்க ரெட்டைத் தையல் போகும், கனம் தாங்கணும். இப்ப மூலைக்கு வந்துட்டேன், திருப்பறேன். மெதுவாக, ஒன்று ஒன்றாகச் சொன்னார்.

முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தார். பிறகு என் விரலைத் தேடிப் பிடித்துத் தையலின் மேல் வைத்தார்.

"எப்படி இருக்கு? உள்ளத சொல்லுங்க."

ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் தடவினேன். மூலையில் ஒரு தையல் இறங்கியிருந்தது. அதைச் சொன்னேன். மற்றபடி கோடு நேராக இருந்தது. அதையும் சொன்னேன்.